எந்தக் கழுதை?

"தாயி, எனக்குக் கதை சொல்லத் தெரியல. நீதான் சொல்லிக்குடுக்கணும்."

கேட்டவருக்கு வயசு அறுபது. பேரு திரவியம். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எத்தனையோ பிள்ளைகளப் பெஞ்சு மேல ஏத்தி நிக்கவச்ச கை.

யாருகிட்ட கேட்டாருன்னா, உலகம்மைகிட்ட. வயசு இருபத்தேழு. ஆறாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ. ரோடு போடாத மலையூருக்கு ஆறு கழுதை மேல அரிசி, சீனி, கேஸ் சிலிண்டர்னு ஏத்திக்கிட்டுப் போறது அவ தொழிலு.

அவ ஒரு கழுதையோட குளம்புல சொருகியிருந்த கல்ல நோண்டிக்கிட்டிருந்தா. நிமிரல.

"நீங்கதான சார் எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

"அது பாடம் தாயி. இது கதை."

"ரெண்டும் வேற வேறன்னு இப்பதான் தெரிஞ்சுதா?"

கழுதை தும்முச்சு.

விஷயம் இதுதான்.

மலை மேல மூங்கிலடின்னு ஒரு ஊரு. அங்க வருஷா வருஷம் பங்குனி மாசக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கதை சொல்ற போட்டி நடக்கும். சுத்துப்பட்டு அஞ்சு ஊரும் வந்து கூடும்.

ஜட்ஜு கெடையாது. சட்டம் ஒண்ணே ஒண்ணு. கதை சொல்றவரு மூச்சு வாங்குற எடத்துல கூட்டம் 'உம்' கொட்டணும். உம் வரலன்னா கொட்டுக்காரரு டம்முன்னு ஒரு அடி அடிப்பாரு. கதை செத்துப்போச்சு. ஏறி நின்னு கதை சொல்ற கல்ல விட்டு எறங்கிரணும்.

அதுக்கு அவங்க வச்சிருக்க நேரத்தப் பாருங்க. உச்சி மத்தியானம். கெடாக்கறிச் சோறு தின்னு கை கழுவுன கையோட. அந்த நேரத்துக்குச் சாமியே சொக்கிக்கிட்டிருக்கும்.

மூணு வருஷம் வரிசையா ஒருத்தருக்கு உம் அறுந்துச்சுன்னா, அதுக்கப்புறம் அவரு ஆயுசுக்கும் அந்தக் கல்லுல ஏறக்கூடாது.

சாருக்கு மொத வருஷம் ஒம்பதாவது வரில அறுந்துச்சு. ரெண்டாவது வருஷம் மூணாவது வரில. மலையூரே சேந்து 'கொட்டாவி சார்'னு பேரு வச்சுட்டாங்க.

இது மூணாவது வருஷம். கொடைக்கு ரெண்டு மாசம் இருக்கு.

இதுவரைக்கும் உம் அறுபடாத ஒரே ஆளு உலகம்மை. நாலு வருஷம் தொடர்ந்து ஜெயிச்சா. "வாய் வலிக்குது, மத்தவங்க சொல்லுங்க"ன்னு கூட்டத்துல போய் உக்காந்துட்டா.

"எதுக்கு சார் இந்த வயசுல? வீட்ல பேரன் இருக்கான், டீவி இருக்கு."

"முப்பத்திரண்டு வருஷம் நான் பேசுனதுக்குப் பிள்ளைக உம் கொட்டல தாயி. என் கையில இருந்த பெரம்புதான் கொட்டுச்சு."

அவ நோண்டுறத நிறுத்துனா.

"பெரம்பு இல்லாம ஒரு கதை முழுசா சொல்லணும். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

உலகம்மை இப்பதான் நிமிந்து பாத்தா.

"சரி. கழுதை."

"என்ன கழுதை?"

"கழுதைக் கதை சொல்லுங்க."

சார் மூஞ்சி வாடிப்போச்சு.

"தாயி, செந்தட்டி இந்த வருஷம் சிங்கத்த எறக்குறான். நீ என்னன்னா..."

செந்தட்டின்னா அடிவாரத்துல ரைஸ்மில் வச்சிருக்கவரு. மைக்கு தேவப்படாத தொண்டை.

"சிங்கம் எடுத்துக்கட்டும். உங்களுக்குக் கழுதை."

"சிங்கம்னா வீரம் தாயி. யானைன்னா கம்பீரம். நரின்னா தந்திரம். கழுதைன்னா மடமை. பேரக் கேட்டதுமே சிரிச்சுருவாங்க. அவ்வளவு வேண்டாம், ஒரு நரியாவது குடு."

"எந்தக் கழுதை சார் மடமை?"

"எந்தக் கழுதைன்னா? பொதுவா கழுதை."

"பொதுவா கழுதை எங்கிட்ட இல்லியே. ஆறு நிக்குது. எதுன்னு காட்டுங்க."

சார் ஆறையும் பாத்தாரு. ஆறும் சாரப் பாத்துச்சு.

"சரி, அத விடுங்க. உங்க வீட்டு வாசல்ல ஒரு கழுதைப் படம் தொங்குதுல்ல? 'என்னைப் பார் யோகம் வரும்'னு?"

"ஆமா."

"மடமைய எதுக்கு சார் வாசல்ல மாட்டி வச்சிருக்கீங்க?"

சார் தலையச் சொரிஞ்சாரு.

"அது எங்க வீட்டுக்காரி மாட்டுனது."

உலகம்மை ஒரு கயித்த எடுத்து சார் கையில குடுத்தா. கயித்தோட அடுத்த முனையில ஒரு கழுதை. எடது காது கிழிஞ்சது.

"இது பேரு வக்கீலு."

"வக்கீலா? ஏன்?"

"எதுக்கெடுத்தாலும் வாய்தா வாங்கும். நாளைலேர்ந்து நீங்க இதக் கூட்டிக்கிட்டு மலையேறுங்க."

சார் கயித்தப் புடிச்சுக்கிட்டே நின்னாரு. ஏதோ ஞாபகம் வந்துருச்சு.

"தாயி, உன்ன நான் ஒரு தடவ பெஞ்சு மேல ஏத்துனேன்ல?"

"மூணு நாளு. நாலாவது நாளு நான் வரல. அப்பா கழுதையோட போயிட்டேன்."

"எதுக்கு ஏத்துனேன்?"

"மொதல்ல கதைய முடிங்க. சொல்றேன்."

மறுநாளு அஞ்சு கழுதை முன்னால போச்சு. பின்னால வக்கீலு. அதுக்கும் பின்னால சார், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு.

மூணாவது வளைவுல ஒரு பாறை. அங்க வந்ததும் வக்கீலு நின்னுருச்சு.

சார் இழுத்தாரு. தள்ளுனாரு. "அறிவிலியே, நடப்பாயாக"ன்னு இலக்கணமா வஞ்சாரு. இப்படி ஒரு வசவ வக்கீலு கேட்டதே இல்ல. காத மட்டும் ஆட்டுச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா நடந்துச்சு.

சாயங்காலம் சார் ஓடி வந்தாரு.

"தாயி, புரிஞ்சுபோச்சு! கழுதைன்னா மடமை இல்ல. பிடிவாதம்!"

"எந்தக் கழுதை?"

"வக்கீலு."

"மத்த அஞ்சும்?"

"அதுக பாட்டுக்குப் போகுதுக."

உலகம்மை தவிட்டக் கலக்கப் போயிட்டா.

ஒரு வாரம் கழிச்சு வந்தாரு. "பொறுமை தாயி! எவ்வளவு சொமை! கழுதைன்னா பொறுமை."

"எந்தக் கழுதை?"

அடுத்த வாரம் தியாகம். அதுக்கடுத்த வாரம் அடிமைத்தனம். அப்புறம் பற்றற்ற நிலை. ஒரு மாசத்துல கழுதை மடமைல கெளம்பி மோட்சத்துக்குப் பக்கத்துல போயிருச்சு. உலகம்மை மட்டும் அதே கேள்வியிலதான் நின்னா.

வக்கீலும் அதே பாறையிலதான் நின்னுச்சு.

கொடைக்கு ஒம்பது நாளு இருக்கும்போது சாருக்கு வெறுத்துப்போச்சு. கயித்தத் தூக்கி எறிஞ்சாரு.

"நீ எனக்குக் கதை சொல்லிக்குடுக்கிறியா, சொமையடிக்க ஆளு சேக்கிறியா?"

"ஆளுதான் சேக்கிறேன். ரெண்டு மாசமா சம்பளமில்லாம நல்லாத்தான் நடக்கிறீங்க."

"எல்லா அர்த்தத்தையும் சொல்லிட்டேன். எதுவும் சரியில்லங்கற. பாரு, எத்தனை எழுதி வச்சிருக்கேன்!"

சார் அக்குள்ல இருந்து ஒரு நோட்ட எடுத்தாரு. கெட்டி அட்டை. முப்பத்திரண்டு வருஷமா எழுதுனது. மயிலுக்கு ஒரு பக்கம், மானுக்கு ரெண்டு பக்கம், பாம்புக்கு நாலு பக்கம். எந்த மிருகம் எதுக்கு உவமைன்னு செவப்பு மையில அடிக்கோடு.

"குடுங்க பாப்போம்."

வாங்குனா. ரெண்டு பக்கம் பொரட்டுனா. தலைய ஆட்டுனா.

அப்படியே வக்கீலு வாய்க்கு நேரா நீட்டுனா.

சார் கத்துறதுக்குள்ள மயிலு போச்சு. மானு போச்சு. வக்கீலு அவசரப்படல. பாம்பு நாலு பக்கத்தையும் கண்ண மூடிக்கிட்டு மென்னுச்சு.

"ஐயோ! என் நோட்டு!"

"நாளைக்குக் கை வீசிக்கிட்டு வாங்க சார்."

மறுநாளு சாருகிட்ட நோட்டும் இல்ல, பேசத் தெம்பும் இல்ல. மூணாவது வளைவுல வக்கீலு நின்னுச்சு. சார் இழுக்கல. பாறை மேல உக்காந்துட்டாரு.

வேற வேலை இல்லாததால கழுதையப் பாத்தாரு.

வக்கீலு பாதையப் பாக்கல. பாறையப் பாத்துக்கிட்டிருந்துச்சு. கிழிஞ்ச காது தொங்குச்சு. மூக்க நீட்டி ஒரு இடுக்க மோந்துச்சு. அப்புறம் சும்மா நின்னுச்சு.

சார் அந்த இடுக்குல கைய விட்டாரு.

வெளிய எடுத்த கையில பீடித் துண்டு. ஒண்ணு ரெண்டு இல்ல. அள்ளலாம் போல இருந்துச்சு. மழையில ஊறிக் காஞ்சது, ஒண்ணு ரெண்டுல செவப்பு நூலு இன்னும் சுத்தியிருந்துச்சு.

மறுநாளு வக்கீலு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு வாட்ச்சுல பாத்தாரு. அதுக்கு மறுநாளும் பாத்தாரு.

சாரும் ஒரு காலத்துல பீடி இழுத்தவருதான். பள்ளிக்கூடத்துக் கெணத்துக்குப் பின்னால. அதனால அந்தக் கணக்கு அவருக்கு வாட்ச்சு இல்லாமலே தெரியும்.

அன்னைக்குச் சாயங்காலம் அவரு ஓடி வரல. மெதுவா வந்தாரு.

"தாயி, வக்கீலு உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி யாருகிட்ட இருந்துச்சு?"

உலகம்மை கழுதைக்குச் சொரிஞ்சுக்கிட்டிருந்தா. கை நின்னுச்சு. மொத தடவையா அவ அந்தக் கேள்வியக் கேக்கல.

"மூங்கிலடி சீனியாண்டி மாமாகிட்ட. அவரு தவறி நாலு வருஷம் ஆச்சு சார்."

கொடை வந்துச்சு.

கெடாக்கறி வெந்துச்சு. ஊரே தின்னுச்சு. ஆலமரத்தடில ஊரே சாஞ்சுச்சு.

மொதல்ல ஏறுனவருக்குப் பதினாறு உம். அடுத்தவருக்கு நாப்பது. அப்புறம் செந்தட்டி ஏறுனாரு.

அவரு சிங்கம் கர்ஜிச்சுது. அவரும் கர்ஜிச்சாரு. தூங்கிக்கிட்டிருந்த நாலு பேரு "என்னா, என்னா"ன்னு எந்திரிச்சாங்க. நூத்திப் பத்து உம் வாங்குனாரு. அதுக்கப்புறம் சிங்கம் தூங்கக் குகைக்குள்ள போச்சு. கூட்டமும் அதுகூடயே போய்ப் படுத்துருச்சு.

டம்.

"பரவால்ல, நூத்திப் பத்து!"ன்னு மீசையத் தடவிக்கிட்டு எறங்குனாரு.

முன் வரிசையில மாடத்தி உக்காந்திருந்தா. சீனியாண்டியோட பொண்டாட்டி. புருஷன் போனதுலேர்ந்து எந்தக் கதைக்கும் அவ உம் கொட்டுனதில்ல. வருவா, சாப்பிடுவா, மரத்துல சாஞ்சு கண்ண மூடிக்குவா.

இப்பவும் மூடித்தான் இருந்தா.

திரவியம் சார் ஏறுனாரு.

"கொட்டாவி சாரா? தலகாணிய எடுடே"ன்னு ஒரு குரலு.

சார் தொண்டையச் செருமுனாரு.

"ஒரு ஊர்ல ஒரு கழுதை இருந்துச்சு."

மூச்சு வாங்குனாரு.

உம் வரல.

களுக்குன்னு யாரோ சிரிச்சாங்க. கொட்டுக்காரரு குச்சியத் தூக்குனாரு.

அந்த நேரம் பாத்து செந்தட்டி எந்திரிச்சு நின்னு கைய வாய்க்கிட்ட குவிச்சாரு.

"எந்தக் கழுதை சார்? மலையேறி வந்ததா, கல்லேறி நிக்கிறதா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஒரு ஆளுக்குப் பொறையேறி, தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு.

சார் உலகம்மையத் தேடுனாரு. அவ கடைசில ஆறு கழுதைக்கு நடுவுல உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருந்தா.

சாரும் சிரிச்சுட்டாரு.

"நல்லாக் கேட்ட செந்தட்டி. வக்கீலு."

"எந்த வக்கீலு?"

"நம்ம வக்கீலுதான்யா. எடது காது கிழிஞ்சது. நீ இப்பத் தின்ன சோத்துக்கு அரிசி கொண்டாந்தது. சீனியாண்டி வளத்தது."

கூட்டத்துல ஒருத்தரு, அவருக்கே தெரியாம:

"உம்."

கொட்டுக்காரரு குச்சிய எறக்குனாரு.

மாடத்தி ஒரு கண்ணத் தொறந்தா.

"மூணாவது வளைவுல ஒரு பாறை இருக்குல்ல?"

"உம்."

"அங்க வந்தா வக்கீலு வாய்தா வாங்கிரும்."

"உம்! எனக்கும் வாங்குச்சு!"

"இழுத்தேன்."

"உம்."

"தள்ளுனேன்."

"உம்."

"இலக்கணமா வஞ்சேன்."

"உம்ம்ம்!"

"கடைசில கையெடுத்துக் கும்பிட்டேன்."

"உம்! நகந்துச்சா?"

"மோந்து பாத்துச்சு."

ஆலமரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துருச்சு, அவ்வளவு சிரிப்பு. படுத்திருந்தவங்க எந்திரிச்சு உக்காந்தாங்க. உக்காந்தவங்க முன்னால நகந்தாங்க.

"எங்கிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு. அதையும் தின்னுருச்சு."

"உம்!"

"கையில ஒண்ணுமில்ல. பாறையில உக்காந்தேன். பாறை இடுக்குல கைய விட்டேன்."

உம் சன்னமா வந்துச்சு. அந்த மலையில இடுக்குல கைய விட்டா என்ன கடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

"பூரா பீடித் துண்டு."

"உம்?"

"கழுதை பீடி குடிக்காது."

"உம்."

"அப்ப அந்தப் பாறையில தெனமும் உக்காந்து குடிச்சது யாரு?"

இப்ப உம் ஒரு தினுசா வந்துச்சு. நூறு தலை ஒரே பக்கம் திரும்பப் போயி, திரும்பாம நின்னுச்சு.

"வக்கீலு அங்க நின்னு பாதையப் பாக்காது. பாறையத்தான் பாக்கும். அவரு உக்காரணும். பத்த வைக்கணும். இழுத்து முடிக்கணும். அணைச்சு, துண்ட இடுக்குல சொருகணும். 'போலாம்டே'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் நடக்கும்."

"உம்."

"நாலு வருஷமா அவரு சொல்லல."

"உம்."

"இது நிக்கிறத விடல. இன்னைக்குக் காலையில கூட நின்னுச்சு. ஒரு பீடி நேரம்."

சார் மூச்சு வாங்குனாரு.

உம் வரல.

ஒரு சத்தம் இல்ல. காக்கா கூட இன்னும் திரும்பல. கொட்டுக்காரருக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஆனா சட்டம் சட்டம்தான். குச்சி மேல போச்சு.

சார் காத்துக்கிட்டு நின்னாரு. வக்கீலு நிக்கிற மாதிரியே, சும்மா.

"உம்."

மாடத்தி.

எந்திரிச்சு நின்னுட்டா. தலமுடி அவுந்து தொங்குச்சு.

"உம். மேல சொல்லுங்க சார்."

அப்புறம் அவளே தொடர்ந்தா. சார விட்டுட்டு ஊரப் பாத்து.

"பீடிய விட்டுட்டேன்னு எந்தலைல அடிச்சு சத்தியம் பண்ணாருய்யா அந்த மனுசன்! கருப்பட்டி முட்டாயி கூட வாங்கித் தந்தாரு!"

ஊரு வெடிச்சுருச்சு.

மாடத்தி கூட்டத்தப் பொளந்துக்கிட்டு நேரா கழுதைக்கிட்ட போனா. வக்கீலோட கிழிஞ்ச காதப் புடிச்சா.

"ஏலே, நீயும் கூட்டாளியாலே? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

அழுதாளா, சிரிச்சாளான்னு கேக்காதீங்க. ரெண்டும் ஒரே மூஞ்சில நடந்துச்சு.

வக்கீலு தலையத் தூக்கி, மலை எதிரொலிக்கக் கத்துச்சு. அந்த ஊர்ல அது நல்ல சகுனம். கூட்டம் மொத்தமும் கொலவை போட்டுச்சு.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆச்சு. சார் இன்னும் கல்லு மேலதான் நின்னாரு. கதைய முடிக்கணும்ல.

"அவ்வளவுதான்"னாரு.

கூட்டம் அதுக்கும் "உம்" கொட்டுச்சு.

கொட்டுக்காரரு குச்சியத் தரையில வச்சுட்டாரு. ஜெயிச்சவருக்குக் கட்டுற பரிவட்டத் துண்ட செந்தட்டியே வாங்கி சார் தலையில கட்டுனாரு.

"அடுத்த வருஷம் என் சிங்கத்துக்கும் ஒரு பீடி குடுத்துர வேண்டியதுதான் சார்."

பரிவட்டத்தோட சார் நேரா உலகம்மைகிட்ட வந்தாரு. அவ ஆலமரத்தடிக் கல்லுபெஞ்சுல உக்காந்து கயித்தச் சுருட்டிக்கிட்டிருந்தா. மாடத்தி இன்னும் வக்கீலுகிட்ட சண்டை போட்டுக்கிட்டிருந்தா, கருப்பட்டி முட்டாயி ஊட்டிக்கிட்டே.

"கதைய முடிச்சுட்டேன் தாயி. இப்ப சொல்லு. உன்ன எதுக்குப் பெஞ்சு மேல ஏத்துனேன்?"

"பரீட்சையில பொருத்துக வந்துச்சு சார்."

"உம்."

"இந்தப் பக்கம் சிங்கம், நரி, யானை, கழுதை. அந்தப் பக்கம் வீரம், தந்திரம், கம்பீரம், மடமை."

"உம்."

"மூணுக்குக் கோடு போட்டேன். கழுதைக்குப் போடல."

"உம்."

"எங்க வீட்ல அப்ப நாலு கழுதை நின்னுச்சு. அதனால பக்கத்துல ஒரு கேள்வி எழுதி வச்சேன்."

சாருகிட்டருந்து உம் வரல.

என்ன கேள்வின்னு அவ சொல்லல. அவரும் கேக்கல.

வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு. செருப்பக் கழட்டி ஓரமா வச்சாரு. தலையில பரிவட்டத்தோட, அறுபது வயசுல, அந்தக் கல்லுபெஞ்சு மேல ஏறி, கையக் கட்டிக்கிட்டு நிமிந்து நின்னாரு.

அடுத்த கதைன்னு நெனச்சு அஞ்சு ஊரும் திரும்பி உக்காந்துச்சு. அவரு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே, மலையே அதிர்ற மாதிரி ஒரே குரல்ல கொட்டுச்சு.

"உம்!"